அப்பா ஓட்டிய பத்மினி இப்போது யாருடையது?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் பள்ளி ஆசிரியை, கணவருக்குப் பின்னலாடை நிறுவனத்தில் வேலை. கணவரின் அப்பா செட்டிநாட்டு ஊர் ஒன்றில் ஒரு டாக்டரிடம் 22 ஆண்டுகள் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டியது 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. டிரைவரும் இன்று இல்லை, டாக்டரும் இல்லை. டாக்டர் வீட்டுக் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்த அந்தக் காரை, அப்பாவின் நினைவாக வேண்டும் என்று கணவர் கேட்டிருக்கிறார். டாக்டரின் இளைய மகன் 70,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். 40,000 ரொக்கம், மீதி கூகுள் பே. ரசீது ஏதும் இல்லை.

ஆர்.சி. புத்தகம் இன்னும் டாக்டர் பெயரில்தான் இருக்கிறது. அதுவும் 2016-லேயே காலாவதியானது. டாக்டர் உயிரோடு இருந்தபோதே கையெழுத்துப் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்த, உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களை இளைய மகன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு புரோக்கர், "தேதியை மட்டும் டாக்டர் இறக்கிறதுக்கு முந்தி இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்க, பெயர் மாத்தித் தர்றேன்" என்கிறார். டாக்டரின் மூத்த மகன் சென்னையிலும் மகள் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் பேசவில்லை.

கார் எட்டு மாதமாக ஒரு ஷெட்டில் நிற்கிறது. எல்லா வேலைக்கும் சேர்த்து 1,60,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சாகப் பேசி, 90,000 முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். பெயிண்ட்டைச் சுரண்டிய பிறகு, "தரைத்தகடு முழுக்க இத்துப் போயிருக்கு, மொத்தம் 2,80,000 ஆகும். இல்லேன்னா அப்படியே தூக்கிட்டுப் போங்க, ஷெட் வாடகை நாளுக்கு 200" என்கிறார் மெக்கானிக். இதற்கிடையே பழைய எஞ்சினை எடுத்துவிட்டு மாருதி ஜிப்சியின் எஞ்சினைப் பொருத்த வேண்டும், நிறத்தை மாற்ற வேண்டும், அகலச் சக்கரம் போட வேண்டும் என்பது கணவரின் ஆசை. மனைவிக்கோ கார் பழையபடியே இருக்க வேண்டும். 'இது விண்டேஜ் கார்தானே, விதிவிலக்கு உண்டல்லவா? டெல்லி மாதிரி இங்கும் 15 வருட வண்டிகளைப் பிடுங்கிக்கொள்வார்களா? நாங்கள் என்ன செய்ய?' என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் தண்டின் குமிழ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது. 'மாமனார் கை பட்ட இடம்' என்று கீழே எழுதியிருந்தீர்கள். அதனால், 'விற்றுவிட்டுத் தலைமுழுகுங்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் காரைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவர முடியும். ஆனால் நீங்கள் பணம் போடும் வரிசை தலைகீழாக இருக்கிறது. தகரத்துக்குச் செலவழிக்கும் முன் தாளுக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

கார் இன்னும் உங்கள் பெயருக்கு வரவில்லை

'பணம் கொடுத்துவிட்டோம், சாவி எங்களிடம் இருக்கிறது, ஆகவே கார் எங்களுடையது' என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. டாக்டர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய மற்ற சொத்துகளைப் போலவே காரும் எல்லா வாரிசுகளுக்கும் பொது. டாக்டரின் மனைவி உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இளைய மகன் விற்றது தன் பங்கை மட்டுமே. மற்றவர்கள் சம்மதிக்காதவரை உங்கள் உரிமை அந்தரத்தில்தான் நிற்கிறது.

அந்த 29, 30 படிவங்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். கையெழுத்து டாக்டருடையதுதான் என்றாலும், இறந்தவர் விற்றதாக முன்தேதி எழுதி அரசு அலுவலகத்தில் கொடுப்பது போலி ஆவணம். மாட்டினால் புரோக்கர் கிடைக்கமாட்டார். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கணவர் பெயர். மூத்த மகனோ மகளோ என்றாவது ஒரு நாள் 'அப்பா எப்போது விற்றார்?' என்று கேட்டால், காரோடு உங்கள் நிம்மதியும் போய்விடும். என்னிடம் வந்த ஒரு வழக்கில் இப்படித்தான் நடந்தது. ஒரு பழைய ஜீப்பைச் சொந்தக் காசில் செப்பனிட்டு முடித்த மறுமாதம், அதுவரை வாய் திறக்காத இன்னொரு வாரிசு காவல் நிலையத்துக்குப் போனார். ஜீப் இரண்டு மழைக்காலம் காவல் நிலைய வளாகத்தில் நின்றது.

சட்டம் காட்டும் வழி நேரானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, உரிமையாளர் இறந்தால் வண்டியை வைத்திருக்கும் வாரிசு 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் ஆகியவை வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகள் இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றொப்பம் செய்து அனுப்பினால் போதும். இளைய மகன் பெயருக்கு மாறிய பிறகு, அவர் புதிதாகக் கையெழுத்திட்ட 29, 30 படிவங்களோடு உங்கள் பெயருக்கு மாற்றலாம். 31-ஆம் படிவத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதம்தான். அது எப்போதோ கடந்துவிட்டது. தாமதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அதற்காக மாற்றம் மறுக்கப்படாது.

நீங்கள் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் மங்கிய ஊதா ரப்பர் முத்திரை ஒன்று தெரிகிறது. 1986-இல் டாக்டர் வாங்கிய வங்கிக் கடனுக்குக் காரை ஈடாகக் காட்டிய ஹைப்போதிகேஷன் பதிவு அது. ரத்து செய்ததாக எதிர்ப்பதிவு எங்கும் இல்லை. கடன் அடைந்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம். ஆனால் 35-ஆம் எண் படிவத்தில் வங்கி கையெழுத்திட்டுத் தராதவரை பெயர் மாற்றம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வங்கி இன்னொன்றோடு இணைந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். இணைந்த வங்கியின் அதே ஊர்க் கிளைதான் கடிதம் தர வேண்டிய இடம். முதலில் இதற்கு எழுதிப் போடுங்கள், அதிக நாள் பிடிக்கப்போவது இதுதான்.

இன்னொன்று, புத்தக வடிவ ஆர்.சி.யும் மூன்றெழுத்துப் பழைய எண்ணும் உள்ள வண்டிகள் பல இன்னும் கணினிப் பதிவில் ஏறியிருக்காது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் எண்ணைத் தட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால், பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். வரி பாக்கி இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

'சின்ன ஐயா மனசு வச்சுக் கொடுத்தாரு, அவர்கிட்டப் போய்க் கையெழுத்துக் கேக்கிறது மரியாதையா இருக்குமான்னு இவர் தயங்குறார்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் அவர்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. கை மாறிய வண்டியால் விபத்து நடந்தாலும், இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்த ஆர்.சி.யில் இருப்பது அவர்கள் அப்பாவின் பெயர். அவர் பெயருக்கு ஒரு சம்மன் வந்து சேரக்கூடாது என்று அவர் பிள்ளைகளிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

யார் பெயரில் வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நடைமுறையில் ஆர்.சி.யில் ஒருவர் பெயர்தான் வரும். கணவர் பெயரில் வாங்கி, உங்களை நாமினியாகப் பதியுங்கள். 2021-இல் விதியைத் திருத்தி இந்த வசதியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். டாக்டர் குடும்பத்துக்கு வந்த இந்த அலைச்சல் உங்கள் பிள்ளைகளுக்குக் குறையும்.

ஷெட்டில் நிற்கும் கார்

மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. பத்மினிக்குத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது, உடற்கூடுதான் சட்டகம். எனவே தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் இற்றுப்போனால் அது அழகுக் குறை அல்ல, காரின் முதுகெலும்பே போனது. முன்பு யாரோ பட்டி பூசி மறைத்த துரு, சுரண்டிய பிறகுதான் வெளியே தெரியும். டிங்கர் வேலையில் முதல் மதிப்பீடு ஏறுவது வழக்கம்தான். ஆனால் எவ்வளவு ஏறியது, எதனால் ஏறியது என்று காட்டும் கடமை அவருக்கு உண்டு.

சட்ட நிலையைச் சொல்கிறேன். பழுதுபார்க்கக் கொடுத்த பொருளை, செய்த வேலைக்கான கூலி வரும்வரை நிறுத்திவைக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அவருக்குக் கொடுக்கிறது. செய்த வேலைக்கு மட்டும்தான், இனிச் செய்யப்போகும் வேலைக்கு அல்ல. நீங்கள் கொடுத்த 90,000 ரூபாய் அதுவரை நடந்த வேலைக்கு மேல் இருந்தால், நிறுத்திவைக்க அவருக்கு உரிமை இல்லை. முன்கூட்டிப் பேசாத வாடகையைக் கேட்பதற்கும் அடிப்படை இல்லை. கழற்றிய பாகங்களை அவர் விற்றால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். அவர் பொறுப்பில் இருக்கும்வரை காரைத் தன் சொந்தப் பொருள்போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு. மழையில் நனையவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அடுத்த முறை போகும்போது சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நோட்டும் கேமராவுள்ள போனும் போதும். கழற்றி வைத்த ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். கதவுக் கைப்பிடி, டிஸ்ட்ரிபியூட்டர், டாஷ்போர்டு மீட்டர், முன்கிரில் எதையும் விடாமல் பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வேலையை நிலைநிலையாகப் பிரித்துப் பணம் பேசுங்கள். முதலில் தகடும் வெல்டிங்கும் மட்டும். வெல்டிங் முடிந்து, பட்டி பூசும் முன் நீங்கள் பார்த்துப் படம் எடுத்த பிறகே அடுத்த தவணை. அதன் பிறகு பிரேக், எஞ்சின், வயரிங். பெயிண்ட்டும் குஷனும் கடைசி. கைக்காசு குறைந்தால் பாதியில் நிறுத்திக்கொள்ளவும் முடியும், அதுவரை செய்தது வீணாகாது.

இப்படிப் பேசியும் அவர் படியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சிக்கல் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இங்கேதான் தாள் விஷயம் மறுபடி வருகிறது. வேலைக்குப் பணம் கொடுத்தவர் என்ற முறையில் நீங்கள் நுகர்வோர்தான், வழக்குப் போடலாம். ஆனால் 'முதல்ல ஆர்.சி.யில உங்க பேரைக் காட்டுங்க' என்று அவர் வாயைத் திறந்தால், பேச்சுவார்த்தையில் உங்கள் கை தாழ்ந்துவிடும்.

வெல்டிங் நடக்கும்போது ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் காரின் உடற்கூட்டில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண். மோட்டார் வாகன ஆய்வாளர் அந்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். கிரைண்டர் பட்டு ஒரு இலக்கம் மழுங்கினாலும், பட்டிக்குள் புதைந்தாலும் காரின் அடையாளமே கேள்விக்குள்ளாகும். இப்போதே நீங்களும் அப்படி ஒரு பிரதி எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'எண் போனா வேற ஸ்கிராப் வண்டி தகட்டை வெட்டி ஒட்டிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

கணவரோடு உங்களுக்கு நடக்கும் இந்தச் சண்டையில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் கணவருக்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறது.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்மினியின் எஞ்சின் 1089 சிசி. ஜிப்சியுடையது 1298 சிசி, வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. இதற்கு அனுமதி கிடைக்காது என்பதே என் கணிப்பு. அனுமதியில்லாமல் பொருத்தினால், புதுப்பித்தலுக்குக் காரைக் காட்டும் நாளிலேயே எஞ்சின் எண் காட்டிக்கொடுத்துவிடும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக் காரணமும் கிடைத்துவிடும்.

சட்டத்தை விடுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கார் இது. 40 குதிரைத் திறனை ஒட்டிய எஞ்சினுக்காகச் செய்த பிரேக். கூடுதல் வேகத்தை எஞ்சின் கொடுத்துவிடும், நிறுத்துவது யார்? எஞ்சினுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் இருக்கும் எஞ்சினின் சிலிண்டர்களையே கடைந்து ரீபோர் செய்து, பிரேக் லைன்களையும் வீல் சிலிண்டர்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய எஞ்சின் தேறவே தேறாது என்றால், அதே வகைப் பத்மினி எஞ்சினை அலுவலக அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் புது எண்ணைப் பதியலாம். சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய பாகக் கடையில் வாங்கினாலும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற விவரத்தோடு பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

நிறம் மாற்றலாம். ஆர்.சி.யில் நிறம் இருப்பதால் அலுவலகத்தில் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். குஷன், மியூசிக் சிஸ்டம், சீட் பெல்ட் ஆகியவற்றுக்குத் தடையில்லை. சீட் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள், உறுதியான தகட்டில் முறையான ஆங்கர் வைத்து. உடலுக்கு வெளியே துருத்தும் அகலச் சக்கரம், பல ஸ்வரத்தில் ஒலிக்கும் ஹாரன், முன்பக்க இரும்புக் காப்பு மூன்றும் வேண்டாம். பாகம் பார்க்கும்போது பெட்ரோல் குழாய்களையும் பம்ப்பின் ரப்பர் சவ்வையும் மாற்றச் சொல்லுங்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது.

மீதிச் சந்தேகங்கள்

விண்டேஜ் என்ற பதிவு, முதல் விற்பனையிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே என்று 2021-இல் வந்த விதி சொல்கிறது. உங்கள் காருக்கு அந்தத் தகுதி 2036-இல்தான் வரும். வந்தாலும் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கணவர் உங்களைப் பள்ளியில் இறக்கிவிடும் கனவுக்கு அது ஒத்துவராது.

டெல்லியில் பெட்ரோல் கார்களுக்கு வந்த 15 ஆண்டுக் கட்டுப்பாடு, அந்தத் தலைநகர் வட்டாரத்துக் காற்று மாசுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளால் வந்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே தனியார் கார் ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். செலவுதான் ஏறியிருக்கிறது. 20 ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆனது. மாதம் 500 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம், பசுமை வரி ஆகியவற்றையும் சேருங்கள். 2016 முதல் புதுப்பிக்காத கார் என்பதால் மொத்தத் தொகையை அலுவலகத்தில் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயிண்ட் செலவைத் தீர்மானிப்பது அதன் பிறகு.

புதுப்பிக்கும்வரை காரைச் சாலையில் ஓட்டாதீர்கள், 'தெருமுனை வரைக்கும்' என்றுகூட. பதிவும் காப்பீடும் இல்லாத காரால் ஒருவருக்கு அடிபட்டால், இழப்பீடு முழுவதும் உங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஆய்வுக்குக் கொண்டுபோக ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாறிய பின் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கலாம். காரின் வயது அதற்குத் தடையில்லை.

இந்த மாதம் நீங்கள் இருவரும் சென்னைக்குப் போய் டாக்டரின் மூத்த மகனைப் பாருங்கள். முடிந்தால் இளையவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கியர் குமிழின் படத்தைக் காட்டுங்கள். 70,000 ரூபாய்க்கு ஒரு ரசீதும், ஆட்சேபணை இல்லாக் கடிதமும், சிங்கப்பூர்த் தங்கையின் தொலைபேசி எண்ணும் கேளுங்கள். அவர்கள் அப்பா கையெழுத்திட்ட அந்த இரண்டு படிவங்களையும் எடுத்துப்போய் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.